வெள்ளைதான் முதலில் தீர்கிறது

இந்த மாவட்டத்தில் முப்பத்தொரு பள்ளிக்கூடங்கள்.
ஒன்றுக்குள்ளேயும் நான் போனதில்லை.
பிரின்ஸ் ஜார்ஜின் ஆலைப் புகை
அவித்த முட்டை வாடையோடு இறங்கும் தெருவில்
களஞ்சியம், கதவு இலக்கம் இரண்டு.
என் மேசைக்கு வருபவை படிவங்கள் மட்டும்.

செப்டெம்பரில் எல்லோரும் பேராசைக்காரர்.
நீலம் நாற்பது போத்தல், கத்தரிக்கோல் முந்நூறு.
அதில் இடக்கைப் பிள்ளைகளுக்கு எத்தனை என்று
எண்ணி எழுதியவர் ஒருவர்தான்: ஹைடி ப்ரௌவர்.
மூன்று பள்ளிக்கு ஒரே ஓவிய ஆசிரியை.
காரின் பின்பெட்டிதான் அவருடைய வகுப்பறை.
செவ்வாய் ஓரிடம், புதன் ஓரிடம்,
வியாழன் ஆற்றுக்கு அப்பால், கடைசிப் பள்ளி.
அவருடைய ஏழு ஒன்றைப் போலிருக்கும்.
ஏழு பெட்டிக்குப் பதில் ஒன்றை அனுப்பி
ஒரு மாதம் முழுக்க ஐந்தாம் வகுப்பை
பென்சிலோடேயே இருத்திவிட்டேன்.

ஒக்டோபரில் செம்மஞ்சள் காலி. பூசணிக்காய்.
அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.
ஆனால் வெள்ளை?
"வெளியே பார், ஊரே வெள்ளை.
தாளும் வெள்ளை. பிறகெதற்கு
வெள்ளைக்கு இவ்வளவு செலவு?"
கணக்கர் லோர்ன் கேட்டபோது
எனக்குப் பதில் தெரியவில்லை.
ஹைடிக்குத் தொலைபேசி எடுத்தேன்.
"மற்ற எந்த நிறத்தையும்
பிள்ளைகள் அப்படியே விடமாட்டார்கள்" என்றார்.

ஜனவரி. சைபருக்குக் கீழே முப்பத்துநான்கு.
லொறிக்காரர் ஜக்தார் சாப்பிடப் போன நேரத்தில்
பதினெட்டுப் பெட்டி களிமண் கல்லாயிற்று.
நீலம் திரைந்தது, கெட்ட பால் போல.
திருப்பி எடுக்கிறேன் என்றேன்.
வேண்டாம், மண் இளகட்டும்,
இரண்டாம் வகுப்பிடம் கொடுத்தால்
அடித்தே பழையபடி ஆக்கிவிடுவார்கள் என்றார்.
தொலைபேசிக்குள் தொப்புத் தொப்பென்று
அடி விழத் தொடங்கியிருந்தது.
நீலத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பெப்ரவரிக் கூட்டத்தில் எண்களை வாசித்தார்களாம்.
மார்ச்சில் ஒரு பெட்டி திரும்பி வந்தது.
தூரிகை இருபத்துநான்கு, உடைக்காதது.
ஒட்டியிருந்த சீட்டில்:
"இனி வியாழக்கிழமை இல்லை."

திரும்பி வரும் பொருளுக்கு
மூன்று கட்டங்கள் உண்டு படிவத்தில்:
சேதம், தவறான அளவு, மிகை.
மிகையின் மேல் பேனை
கனநேரம் நின்றது.
பிறகு சேதத்தில் புள்ளடி போட்டேன்.
பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

ஜூனில் தலைமையகத் தாழ்வாரத்தில் கண்காட்சி.
மத்தியான இடைவேளையில் போனேன்,
வேலைச் சப்பாத்தோடு.
படம் பார்க்கத் தெரியாது எனக்கு.
போத்தல்களைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன்:
இது அந்த மலிவுப் பச்சை, காய்ந்தால் வெடிக்கும்.
இது நான் குறைத்து அனுப்பிய கட்டின் தாள்.
கழிவறைக்குப் பக்கத்தில், இடுப்புயரத்தில்
ஓர் ஆறு.
பனிக்கட்டி உடைந்து
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் நெச்சாக்கோ.
பாளங்களின் விளிம்பெல்லாம்
குறுணி குறுணியாக, திரி திரியாக
என் திரைந்த நீலம்.
நல்ல நீலம் எதற்கும்
அந்தச் சொரசொரப்பு வந்திருக்காது.
டெஸ்மண்ட் கே., அறை ஒன்பது.
வியாழக்கிழமைப் பள்ளி.
தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது.
தொட்டேன்.

ஜூலை, இருப்பெடுக்கும் வாரம்.
பசை நூற்றிரண்டு. கத்தரிக்கோல், துருப்பிடித்தது, பதினொன்று.
தூரிகை ஒரு பெட்டி. அதன்மேல்
ப்ரௌவர் என்று பென்சிலால் எழுதிவைத்தேன்,
கிழமை எழுதவில்லை.
வெள்ளை: சைபர்.
வரும் ஆண்டுக்கு இரட்டிப்பாகப் போட்டிருக்கிறேன்.
லோர்ன் கேட்பார்.
கேட்கட்டும்.